எல்லாக் கேள்விக்கும் ஆம்

ஒன்பதே முக்காலுக்குப் பொத்தானை அமுக்கினேன். வழக்கமாக வருகிற மலைப் படம் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடி ஓர் இடத்தில் முட்டி நின்றுவிட்டன. கடைசி வரியில் அவசர நிலை என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. யாருக்கு அவசரம், எனக்குத்தான். இன்று சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணியோடு கல்லூரி முதல்வர் பதவிக்கான விண்ணப்பம் மூடுகிறது, இருபத்தொன்பது வருஷ வேலைக்கான சான்றுகள் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் ஒரே கோப்பாக இந்த மடிக்கணினிக்குள் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. வேறெங்கும் இல்லை என்று மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொள்கிறேன், சொன்னால் எங்காவது முளைத்துவிடும் என்பதுபோல. கரைசலை இரண்டு குடுவையில் எடுத்து வையுங்கள், ஒன்று கொட்டினால் ஒன்று இருக்கும் என்று ஆய்வகத்தில் கத்திக் கத்தித் தொண்டை போன சண்முகவடிவு மேடம், வேதியியல் துறைத் தலைவர், வயது ஐம்பத்தைந்து, தன்னுடையதை ஒரே குடுவையில் வைத்திருக்கிறாள். நேற்று சாயங்காலம் இது ஏதோ புதுப்பித்துக்கொண்டிருந்தது, மின்சாரம் போயிற்று, பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆகிறது, பொட்டென்று அணைந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்தேன். கணினித் துறை செந்தூர்பாண்டியன்தான் எங்கள் எல்லார் மடிக்கணினியிலும் விண்டோஸுக்குப் பதிலாக இந்த லினக்ஸைப் போட்டுக்கொடுத்தவர், அவர் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறார், போன் அணைந்திருக்கிறது. தேரடிக் கணினிக் கடைக்காரரிடம் போனில் கேட்டேன். "லினக்ஸா? அது நம்ம கை வைக்கிறதில்ல மேடம். விண்டோஸ் போட்டுத் தந்துருதேன். உள்ள இருக்கிறது எல்லாம் போயிரும், பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லையா. போனை வைத்துவிட்டேன். கூடத்தில் இவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார், எட்டிப் பார்த்து, "என்ன வடிவு, ஓடலையா?" என்றார். "ஓடும்" என்றேன். இருபத்தேழு வருஷமாக இந்த மனுஷரிடம் நான் இப்படித்தான் பதில் சொல்லி வருகிறேன், அவரும் அதற்கு மேல் கேட்டதில்லை, அதைத்தான் நல்ல குடும்பம் என்கிறார்கள்.

போனில் தேடி ஓர் இணைய மன்றத்தைக் கண்டுபிடித்தேன். லினக்ஸ் ஓடாதவர்கள் வந்து தமிழில் கேட்கிறார்கள், தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், யாரும் யாருக்கும் கடமைப்பட்டவர்கள் இல்லை. பெயர் கேட்டது. சொந்தப் பெயரைப் போட என்னவோ கூச்சமாக இருந்தது, நாளைக்கு முதல்வராக உட்காரப்போகிறவள் இங்கே வந்து கையேந்தி நின்றாள் என்று எவனாவது பார்த்துவிட்டால். புதியவள் என்று போட்டுக்கொண்டேன். ஐம்பத்தைந்து வயதுப் புதியவள். கறுப்புத் திரையைப் படமெடுத்துப் போட்டு, ஐயா, அவசரம், உள்ளே முக்கியமான கோப்பு இருக்கிறது, உதவுங்கள் என்று எழுதினேன். பிச்சை கேட்கிற எழுத்து எவ்வளவு சீக்கிரம் கைக்கு வந்துவிடுகிறது. பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. அந்தப் பத்து நிமிஷத்தில் சமையலறையில் குக்கர் நான்கு தடவை கத்தியது, எழுந்து போய் அணைத்துவிட்டு ஓடிவந்தேன். முதல் பதில் வந்திருந்தது. "இதே கேள்வி இங்கே நூறு தடவை வந்திருக்கிறது. கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்." எனக்குச் சுருக்கென்றது. வகுப்பில் இதே வாக்கியத்தை எத்தனை பேர் முகத்தில் எறிந்திருக்கிறேன், அப்போது அது ஒழுக்கம். இரண்டாவது ஒருவர் நான் வைத்திருக்கிற லினக்ஸே மட்டம், வேறொரு லினக்ஸ்தான் லினக்ஸ், அதைப் போடுங்கள் என்றார். அவருக்கும் முதலாமவருக்கும் அதைப் பற்றிச் சண்டை வந்துவிட்டது, என் வீடு எரிகிறது, வாசலில் நின்று எந்தக் கம்பெனி வாளி நல்ல வாளி என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். பத்தரைக்கு மூன்றாவது பதில் வந்தது. "பதற வேண்டாம். உங்கள் கோப்பு பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கும். நீங்களாக எதையும் செய்ய வேண்டாம். மறுபடி மறுபடி அணைத்துப் போடவும் வேண்டாம். ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன். ஒன்றை முடித்துப் படம் போடுங்கள். போட்ட பிறகுதான் அடுத்தது." மூச்சு வந்தது. கடவுளே யாரோ ஒரு மனிதர். அப்புறம்தான் பதிலுக்கு மேலே இருந்த பெயரைப் பார்த்தேன். லிங்கதுரை.

ஊரில் எத்தனையோ லிங்கதுரை. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் வரைக்கும் தெருவுக்கு ஒரு லிங்கதுரை இருப்பான். பெயரைத் தொட்டேன். அவரைப் பற்றிய பக்கம் திறந்தது. ஊர் முத்தையாபுரம். பதில்கள் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. படிப்பு என்ற இடத்தில் இயற்பியல், முடிக்கவில்லை. முடிக்கவில்லை. அந்தச் சொல்லை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். முடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறான். முடிக்க விடவில்லை என்று எழுதவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மூன்றாமாண்டு இயற்பியல், ஒல்லியாக, கண்ணாடி போட்டு, இடது கைக்காரன். தேர்வுப் பிரிவுக் கணினிகளில் வைரஸ் புகுந்து எதைத் திறந்தாலும் குப்பை குப்பையாக வந்த சமயத்தில், "மேடம், லினக்ஸ் போட்டா இந்தத் தொல்லை இருக்காது, நாங்களே போட்டுத் தாரோம்" என்று மூன்று பேரோடு வந்து நின்றான். அப்போது நான்தான் தேர்வுப் பிரிவுப் பொறுப்பாளர். மூன்று நாள் உட்கார்ந்து போட்டுக்கொடுத்தான். எனக்குச் சொல்லிக்கொடுத்தான். நான் அவசரப்பட்டு நாலு இடத்தில் அமுக்குவேன், "ஒண்ண முடிச்சிட்டு அடுத்தது மேடம்" என்பான், குரலை உயர்த்தாமல். அந்த ஒன்று, அடுத்தது எல்லாம் இப்போது இந்தப் போனுக்குள் எழுத்தாக வந்து நிற்கிறது. மூடிவிடலாம் என்று நினைத்தேன். மன்றத்தை மூடிவிட்டு, கடைக்காரரிடம் கொடுத்து, உள்ளே இருப்பது போனால் போகட்டும் என்று. ஆனால் விரல் மூடவில்லை. வெட்கத்தைவிட இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் கனமாக இருந்தது. அவனுக்கு நான் புதியவள்தானே. புதியவளுக்கு அவன் சொல்லட்டும்.

முதல் படி, கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போய் ஒரு கட்டளையை அடிக்க வேண்டும், நேற்றிலிருந்து கணினி என்ன நினைத்தது, எங்கே இடறியது என்று அதுவே எழுதி வைத்திருக்கும் பதிவு வரும், அதில் சிவப்பாக இருக்கும் இடத்தைப் படமெடுத்துப் போட வேண்டும். செய்தேன். வரி வரியாகக் கொட்டியது. சிவப்பு வரிகளைத் தேடி மூன்று படம் எடுத்துப் போட்டேன். போட்டுவிட்டு, நல்ல பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு, நான் போட்ட படத்தை நானே பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் தேதி, நேரம், அதற்குப் பிறகு ஒரு சொல், அதற்குப் பிறகுதான் விஷயம். அந்தச் சொல் எல்லா வரியிலும் ஒன்றுதான். கணினிக்குச் செந்தூர்பாண்டியன் வைத்த பெயர். சண்முகவடிவு-கெமிஸ்ட்ரி. ஆங்கில எழுத்தில், வரிக்கு வரி, ஒரு படத்துக்கு நாற்பது தடவை. நாற்பது தடவை சண்முகவடிவு, சண்முகவடிவு, சண்முகவடிவு என்று நானே எழுதி அவன் கையில் கொடுத்திருக்கிறேன். நீக்கலாமா என்று பார்த்தேன். மூன்று படத்துக்குக் கீழேயும் அவன் பார்த்ததாகக் குறி விழுந்திருந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம், பதினோரு நிமிஷம். மின்விசிறி என் தலைக்கு மேலே டக் டக்கென்று அடித்தது, அந்த டக் டக் இத்தனை வருஷம் இந்த அறையில் இருந்ததா என்று இருந்தது. அந்தப் பதினோரு நிமிஷம் அவன் எங்கே உட்கார்ந்திருந்தான், எழுந்து நடந்தானா, தண்ணீர் குடித்தானா, பக்கத்தில் யாரிடமாவது இங்க பாரு யாரு வந்திருக்கான்னு என்று காட்டிச் சிரித்தானா. காட்டியிருக்கலாம். நானாக இருந்தால் காட்டியிருப்பேன்.

பதில் வந்தது. பெயர் இல்லை, மேடம் இல்லை, ஒன்றும் இல்லை. "ஹார்ட் டிஸ்க்கில் உங்கள் கோப்புகள் இருக்கும் பிரிவு, மின்சாரம் போனபோது பாதி எழுதிய நிலையில் நின்றிருக்கிறது. அதைச் சரிபார்க்க வேண்டும். நகல் எங்காவது இருக்கிறதா?" இல்லை என்று எழுதினேன். "சரி. முதலில் மாற்றாமல் படிக்க மட்டும் திறக்கப் பார்ப்போம். திறந்தால் கோப்பை வெளியே எடுத்துவிடலாம்." அதற்கும் ஒரு கட்டளை. திறக்கவில்லை. "சரி. இப்போது எதையும் தொடாமல் சோதிக்க மட்டும் ஒரு கட்டளை." அது ஓடி, இங்கே கணக்கு இடிக்கிறது, அங்கே அனாதையாக ஒன்று கிடக்கிறது, சரிசெய்யவா, இல்லை, சரிசெய்யவா, இல்லை என்று தானே கேட்டுத் தானே மறுத்துக்கொண்டு போயிற்று. படம் போட்டேன். பதினொன்று நாற்பதுக்கு அவன் எழுதினான். "இனி உண்மையாகச் சரிசெய்ய வேண்டும். கீழே உள்ளதை எழுத்து மாறாமல் அடியுங்கள். கடைசியில் வரும் ஒய் என்ற எழுத்துக்கு, கேட்கிற எல்லாக் கேள்விக்கும் ஆம் என்று பொருள். அடித்த பிறகு நடுவில் நிறுத்தக் கூடாது."

எல்லாக் கேள்விக்கும் ஆம். நான் அந்த வரியை அடித்துவிட்டேன், ஒவ்வொரு எழுத்தாக, சரிதானா என்று இரண்டு தடவை பார்த்து. எண்டரை மட்டும் அமுக்கவில்லை. சுண்டுவிரல் அதன்மேல் இருந்தது, அமுக்கவில்லை. எனக்கு இது என்ன தெரியும். நான்கு எழுத்து, ஒரு கோடு, ஒரு பெயர், அதற்குப் பின்னால் ஒரு ஆம். இது சரிசெய்கிற கட்டளையா அழிக்கிற கட்டளையா. அழிக்கிற கட்டளை ஒன்று இருக்கிறதாம், ஒரே வரி, கேட்காமல் கொள்ளாமல் எல்லாவற்றையும் துடைத்துவிடுமாம், செந்தூர்பாண்டியன் ஆசிரியர் அறையில் சிரித்துக்கொண்டே சொன்னது. இது அதுவாக இருந்தால். அவனுக்குத் தெரியும் நான் யார் என்று. முக்கியமான கோப்பு, நகல் இல்லை, எல்லாம் நானே சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு வருஷம் காத்திருந்தவனுக்கு இதைவிட ஒரு சனிக்கிழமை வருமா. நானாக இருந்தால், என்று நினைப்பு திரும்பவும் அங்கேதான் போய் நிற்கிறது, நானாக இருந்தால், நானாக இருந்தால், நான் வேறு யாராகவும் இருந்து நினைத்துப் பார்க்கத் தெரியாதவள். நான் நானாக இருந்தபோது என்ன செய்தேன். அது ஏப்ரல் மாதம், ஒரு வியாழக்கிழமை, மறுநாள் பல்கலைக்கழகத்துக்கு அகமதிப்பெண் போக வேண்டும், ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பிள்ளைகள், பட்டியல் முழுக்க ஏற்றி முடித்தாகிவிட்டது. வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று இழுத்தேன். கணினியிலிருந்து பென் டிரைவுக்கு இழுக்க வேண்டியதைப் பென் டிரைவிலிருந்து கணினிக்கு இழுத்தேன். பென் டிரைவில் இருந்தது ஜனவரி மாத வெற்றுப் பட்டியல், பெயர் அதே பெயர். இதே பெயரில் ஒன்று இருக்கிறது, மாற்றவா என்று கேட்டது. ஆம் என்றேன். மறுபடி ஏதோ கேட்டது, அதற்கும் ஆம். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் பட்டியலைத் திறந்தால் பெயர்கள் இருக்கின்றன, மதிப்பெண் ஒன்றுகூட இல்லை, கட்டம் கட்டமாக வெறும் வெள்ளை.

போனை எடுத்து மன்றத்தில், அந்தப் பதிலுக்குக் கீழேயே, எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதினேன். "மேலே சொன்ன கட்டளை பாதுகாப்பானதுதானா என்று வேறு யாராவது உறுதிப்படுத்த முடியுமா?" அனுப்பிய பிறகுதான் அது என்ன வாக்கியம் என்று உறைத்தது. அதே வாக்கியம்தான். அன்றைக்கும் அதைத்தான் வேறு சொற்களில் சொன்னேன். முதல்வர் தேவசகாயம் சாரின் அறை, நான் நிற்கிறேன், அவன் நிற்கிறான், சட்டையை உள்ளே விட்டுக் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தான். "பாஸ்வேர்டு உன்கிட்டயும் இருந்துச்சா?" "இருந்துச்சு சார்." "வேற யார்கிட்ட?" "மேடத்துக்கிட்ட." சார் என்னைப் பார்க்கவேயில்லை, பார்த்திருந்தால் ஒருவேளை. அவன்தான் பேசினான். "சார், எந்தக் கோப்பு எத்தனை மணிக்கு மாறுச்சு, எதுல இருந்து வந்துச்சுன்னு கம்ப்யூட்டர்ல இருக்கும் சார். எனக்கு அஞ்சு நிமிசம் கொடுங்க, நான் எடுத்துக் காட்டுதேன்." ஐந்து நிமிஷம். அதற்கு அரைமணி முன்னால் நான் என் பென் டிரைவை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லிப் போட்டுப் பார்த்திருந்தேன். எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. சார் "மேடம், என்ன சொல்லுதீங்க?" என்றார். தெரியாமல் செய்தேன் என்று பன்னிரண்டு வருஷமாக நான் என்னிடமே சொல்லி வருகிறேன், பட்டியலை அழித்தது தெரியாமல்தான், அது வாஸ்தவம், ஆனால் அடுத்ததாக என் வாயிலிருந்து வந்த வாக்கியம் தெரிந்து வந்தது, முழு நிதானத்தோடு வந்தது. "மறுபடியும் அதை அவன் கையில கொடுக்க வேண்டாம் சார்." அவ்வளவுதான். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபம் இல்லை. புரியாத பார்வையும் இல்லை. புரிந்துகொண்ட பார்வை.

பன்னிரண்டு ஐந்து. முதலாவதாக என்னைத் திட்டியவர்தான் வந்து பதில் சொல்லியிருந்தார். "அந்தக் கட்டளை மிகச் சரி. லிங்கதுரை சொன்னதை இங்கே யாரும் இரண்டாவது தடவை கேட்டதில்லை. இந்த மன்றத்தில் பாதிப் பேருடைய கணினி அவரால் ஓடுகிறது. இலவசமாக உதவுகிறவரைச் சந்தேகப்படுவதற்கு ஒரு தைரியம் வேண்டும்." அதற்கு மூன்று பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். அதற்கும் கீழே அவன். "அவர்கள் கேட்டதில் தவறு இல்லை. தெரியாத கட்டளையை யார் சொன்னாலும் சரிபார்த்துவிட்டு அடிப்பதுதான் முறை." அவர்கள். என்னைத்தான் அவர்கள் என்கிறான். திட்டியிருந்தால் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். எண்டரை அமுக்கினேன். எழுத்துகள் நகர ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக்கொண்டு, சரிசெய்யவா, ஆம், சரிசெய்யவா, ஆம். மெதுவாகத்தான் போயிற்று. நான் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வாசலில் மீன்காரம்மா வந்து கூப்பிட்டுவிட்டுப் போனாள். இவர் வந்து எட்டிப் பார்த்தார். "சாப்பாடு?" "குக்கர்ல இருக்கு, போட்டுச் சாப்பிடுங்க." "நீ?" "வாரேன்." போய்விட்டார். இவரிடம் சொல்லியிருக்கலாம். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லியிருந்தால் திங்கட்கிழமைக்குள் ஏதாவது செய்திருக்கலாம். நான் சொன்னது, கல்லூரியில ஒரு பையன் மார்க்கையெல்லாம் அழிச்சிட்டான், என்று. இவர் "இந்தக் காலத்துப் பயலுவ" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. திங்கட்கிழமை சார் ஒரு முழுத்தாளை நீட்டி, "நீங்க எழுதிக் கொடுங்க மேடம், மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்றார். எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், எல்லாரும் சொல்வார்கள். மேற்படி மாணவர் கணினியைக் கையாண்ட விதத்தினாலேயே இந்த இழப்பு நேர்ந்தது என்று இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். இழப்பு என்ன இழப்பு, ஆசிரியர்கள் எட்டுப் பேர் இரண்டு நாள் உட்கார்ந்து மறுபடி ஏற்றிவிட்டார்கள், ஒரு பிள்ளைக்கும் ஒரு மதிப்பெண் குறையவில்லை. அவனுக்கு மட்டும் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். இன்னும் மூன்று பரீட்சை இருந்தது.

அவனுடைய அம்மா வந்தாள். உப்பளத்து வேலை, உள்ளங்கால் வெடித்துச் செருப்புக்கு வெளியே தெரிந்தது. துறைக்கு வெளியே வராந்தாவில் வயர்க் கூடையோடு நின்றாள், உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. நான் உட்காரச் சொன்னேனா. சொன்னதாகத்தான் ஞாபகம், இல்லை, அட்டெண்டர் முருகேசன் சொன்னான், நான் இல்லை. "டீச்சர், எம்பிள்ள பொய் சொல்ல மாட்டான். செஞ்சிருந்தா செஞ்சேன்னு சொல்லிருவான். நீங்க ஒரு வார்த்த பெரிய சார்ட்ட சொன்னா கேட்டுக்கிடுவாகளாம், அவன் சொல்லல, கூடப் படிக்கிற பிள்ள சொல்லிச்சு." நான் கையில் பிப்பெட் வைத்திருந்தேன், அதைக் கீழே வைக்காமலேயே, "என் கையில ஒண்ணும் இல்லம்மா" என்றேன். கையில் இருந்ததைப் பார்த்தாள். பிறகு, "உங்களத்தான் ரொம்ப நல்ல டீச்சர்னு வீட்டுல சொல்லிட்டு இருப்பான்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனாள். அதைக் குத்திக் காட்டவா சொன்னாள், உண்மையாகவா சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குத்திக் காட்டியது என்று வைத்துக்கொண்டால் தூக்கம் வரும். அதனால் அப்படியே வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு ஓட்டம் நின்றது. பிரிவு சுத்தமாக இருக்கிறது என்று ஒரு வரி. அவன் சொன்னபடி மறுதொடக்கம் போட்டேன். கறுப்பு, பிறகு ஒரு வட்டம் சுற்றியது, பிறகு மலைப் படம். மலையைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது, எதற்கு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கோப்பு இருந்தது. திறந்து முதல் பக்கம், நடுப்பக்கம், கடைசிப் பக்கம் பார்த்தேன், இருநூற்றுப் பன்னிரண்டும் இருந்தன. நான் வாங்கின சான்றிதழ்கள், நான் நடத்தின கருத்தரங்குகள், மாணவர் நலனில் அக்கறை கொண்ட ஆசிரியர் என்று தேவசகாயம் சார் ஓய்வுபெறும் முன் எழுதிக்கொடுத்த கடிதம், நூற்றெண்பத்தாறாம் பக்கம். மன்றத்தில், "ஓடிவிட்டது, நன்றி" என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். அவனும் பெயர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, புதியவள் வந்தாள், போனாள். ஆனால் தனிச்செய்தி என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கி எழுதினேன். நாலு தடவை அழித்து ஐந்தாவது தடவை எழுதினது இது. "லிங்கதுரை, நான் சண்முகவடிவு. உனக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்குப் பட்டியலை அழித்தது நான்தான். உன்னை விசாரித்தபோது எனக்கு அது தெரியும். என்னை மன்னித்துவிடு." அனுப்பிவிட்டு, அடுக்களைக்குப் போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தேன். பன்னிரண்டு வருஷம் எழுத முடியாததை ஐந்து வாக்கியத்தில் எழுதிவிட்டேன் என்று எனக்கே ஒரு நிம்மதி, கேவலமான நிம்மதி, பசி நன்றாக எடுத்தது. அவன் என்ன சொல்வான். பரவாயில்லை மேடம் என்பான். அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு மேடம் என்பான். அப்படிச் சொல்லக்கூடிய பிள்ளைதான். அவன் அதைச் சொல்லுவான் என்று நம்பித்தானே எழுதினேன்.

ஒன்று நாற்பதுக்கு வந்தது. "முதல் படத்திலேயே தெரியும். அப்போது எழுந்து வெளியே போய்விட்டேன். பதில் எழுத வேண்டாம் என்றுதான் போனேன். பிறகு வந்து எழுதினேன், இங்கே வருகிற கேள்விக்குப் பதில் எழுதுவது என் வழக்கம். உங்களுக்காகச் செய்ததாக நினைக்க வேண்டாம். பட்டியலை நீங்கள் அழித்தது எனக்கு அன்றைக்கே தெரியும். அது யாருக்கும் நடக்கும். ஐந்து நிமிஷம் தர வேண்டாம் என்று சொன்னீர்களே, அதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு மன்னிப்பு வேண்டாம், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது. அன்றைக்குக் கல்லூரிக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்தீர்கள். இப்போது எனக்கு எழுதியதையே அந்தக் கல்லூரிக்கு எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அதன் நகலை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவளுக்கு உடம்பு சரியில்லை. இருக்கும்போதே கொடுத்தால் நல்லது." தட்டைத் தள்ளி வைத்தேன். தண்ணீரைக் குடித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு இடத்தில்கூட மேடம் இல்லை.

புதிய பக்கம் ஒன்றைத் திறந்து எழுதத் தொடங்கினேன். அனுப்புநர், என் பெயர், என் பதவி. பெறுநர், முதல்வர். முதல்வர் என்று யாரும் இல்லை, நாற்காலி நாலு மாதமாகக் காலி, அதற்குத்தான் இந்த விண்ணப்பம், கிடைத்தால் ஜூனில் அந்த நாற்காலியில் நான் உட்காருவேன், இந்தத் தாள் என் மேஜைக்கு வரும், பார்த்தேன் என்று நானே சுருக்கொப்பம் போட்டுக் கோப்பில் சேர்ப்பேன். இன்றைக்கே கல்லூரிச் செயலாளருக்கு அனுப்பினால் அந்த நாற்காலி கிடையாது, ஓய்வூதியத்தில்கூடக் கைவைக்கலாம், இவர் முகத்தை எப்படிப் பார்ப்பது, துறையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு சின்னப் பெண்கள் என்னைப் பார்த்துத்தான் வேலைக்கே வந்தோம் என்கிறார்கள். முதல்வரான பிறகு இதைச் செய்தால் இன்னும் வலுவாகச் செய்யலாமே, அவனை அழைத்து, அந்த மூன்று பரீட்சையை எழுத வைக்கக்கூட வழி பார்க்கலாமே. எவ்வளவு நியாயமாக வருகிறது. நிதானமாக, முத்து முத்தாக. அவனுக்கு இப்போது முப்பத்திரண்டு வயது இருக்கும், மூன்று பரீட்சையை வைத்து என்ன செய்வான். மணி மூன்று. அந்தப் பக்கத்தில் பெறுநருக்குக் கீழே கோடு ஒன்று மின்னி மின்னி மறைந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு விண்ணப்பத் தளத்தைத் திறந்தேன். கோப்பு ஏறியது, நிமிஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக. கடைசியில் ஒரு கட்டம். மேலே தந்துள்ள விவரங்கள் யாவும் உண்மை என்றும் எதையும் மறைக்கவில்லை என்றும் உறுதி கூறுகிறேன். கட்டத்தில் குறி போட்டால்தான் அனுப்ப முடியும். போட்டேன். மூன்று இருபத்தாறுக்கு உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது என்று வந்தது.

பிறகு அவனுக்கு எழுதினேன். எழுதித் தருகிறேன் என்று. எப்போது என்று எழுதவில்லை. இன்று என்று எழுதலாம், திங்கள் என்று எழுதலாம், கை அந்த இடத்துக்கு வந்து நின்று, முற்றுப்புள்ளி வைத்து, அனுப்பிவிட்டது. அவன் படித்ததாகக் குறி விழுந்தது. எப்போது என்று அவன் கேட்பான் என்று நாலரை வரைக்கும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவன் கேட்கவில்லை.

கூடத்திலிருந்து இவர் குரல் கொடுத்தார். "என்ன வடிவு, சரியாயிட்டா?"

"ஆயிட்டு" என்றேன்.